குவேலி கொடுத்த பெட்டி

சியோதிக்கு வலதுகைக் கட்டைவிரலின் அடியில் வலி எடுத்துவிட்டால் மணி பதினொன்று. கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் முதல் நான்கு கூடைச் சிப்பி வரைக்கும் கை தன்பாட்டுக்கு ஓடும். ஐந்தாவது கூடையைக் கவிழ்க்கும்போது விரலடியில் ஒரு நரம்பு சுண்டும். ஆறாவதில் அந்தச் சுண்டல் முழங்கை வரை ஏறி அங்கேயே குந்திக்கொள்ளும். அதற்குப் பிறகு ஓட்டின் இடுக்கில் கத்தியை நுழைத்து நெம்பும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடிக்க வேண்டும். முப்பத்தோரு வருடமாகக் கடித்ததில் கடைவாய்ப் பற்கள் இரண்டு தேய்ந்தே போயிருந்தன.

தோங்ஷி கரையோரம் சிப்பி உரிக்கும் கொட்டகைகள் நாற்பது இருக்கும். தகரக் கூரை, நடுவில் ஒரு நீள மேசை, மேசைமேல் சேறோடு குவித்த சிப்பி, சுற்றிலும் முக்காலி போட்டு உட்கார்ந்த பெண்கள். இந்தக் கொட்டகையில் ஆறு பேர். தலையில் துணி கட்டிய தொப்பி, முழங்கை வரை உறை, மடியில் ரப்பர் விரிப்பு. கண் மட்டும்தான் வெளியே தெரியும். வாய் தெரியாவிட்டாலும் அது ஓயாது.

"என்ன சியோதி, அம்பத்தஞ்சு இஞ்சு டிவியாமே! கட்டிலைத் தூக்கிப் போட்டுட்டு அதுலயே படுத்துக்க வேண்டியதுதான்" என்றாள் கொட்டகைக்காரி.

"எட்டுத் தடவை விடாம விழுந்துச்சாமே ஒங்க வீட்டுக்காரருக்கு. கோவில்லதான் எட்டா, இல்ல வீட்டுலயுமா?" என்று இன்னொருத்தி கேட்டாள். மேசையே குலுங்கிச் சிரித்தது.

"ஒன் ஆளு ரெண்டாவதுலயே கவுந்துட்டான்ல. நீ வாயைத் தொறக்காத" என்றாள் சியோதி.

மாட்சூ அம்மன் கோவில் திருவிழாவில் வருடாவருடம் நடக்கும் போட்டி அது. பிறைபோல் செதுக்கிய இரண்டு மரக்கட்டைகளை அம்மன் முன்னால் போட வேண்டும். ஒன்று மல்லாந்தும் ஒன்று குப்புறவும் விழுந்தால் அம்மன் சரி என்கிறாள். யாருக்கு அதிகத் தடவை விடாமல் சரி விழுகிறதோ அவருக்குப் பரிசு. முதல் பரிசான ஸ்கூட்டர், பத்து தடவை போட்ட ஒரு மீன் வியாபாரிக்குப் போயிற்று. எட்டு போட்ட சுய்குவானுக்குத் தொலைக்காட்சி. சியோதியின் புருஷன் வாழ்க்கையில் முதன்முதலாக ஜெயித்த பொருள். ஊரே வயிறெரிந்தது. அந்த வயிற்றெரிச்சல் சியோதிக்கு நன்றாகவே இருந்தது, எதிரில் உட்கார்ந்திருந்த குவேலி வாயைத் திறக்கும் வரை.

"அக்கா, கேபிளுக்குன்னு காசு கட்டிடாதீங்க. எங்க வீட்டுல ரெண்டு கேபிள் பெட்டி இருக்கு. கீழ ஒண்ணு போதும் எனக்கு. மாடியில இருக்கறதை எடுத்துக்கங்க. நடுச்சுவத்துல ஒரு ஓட்டை போட்டு லைனை இழுத்தா முடிஞ்சுது. அண்ணனே போட்டுருவாரு."

சொல்லிக்கொண்டே அவள் கை நிற்கவில்லை. குவேலியின் கை எப்போதும் அப்படித்தான். சியோதி ஆறாவது கூடையில் இருந்தால் அவள் ஏழாவதில் இருப்பாள். வயது நாற்பத்தொன்பது. புருஷன் போய் ஐந்து மாதம். துக்கத்தில் மற்றவர்கள் கறுத்துச் சுருங்குவார்கள். இவள் மெலிந்து, முகம் வெளுத்து, பத்து வயது குறைந்துபோயிருந்தாள். துக்கம்கூட இவளுக்கு நல்லதைத்தான் செய்கிறது என்று சியோதி நினைத்துக்கொண்டாள்.

"பாக்கலாம்" என்றாள். கத்தி சறுக்கி உறையைக் கிழித்தது.

சுய்குவானும் குவேலியின் புருஷன் தியன்சாங்கும் இருபத்திரண்டு வருடம் ஒரே தெப்பத்தில் தொழில் செய்தவர்கள். பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டிச் செய்த மோட்டார் தெப்பம். கார்த்திகை மாதத்து வடகாற்றில் ஒருநாள் இயந்திரத்தின் விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டது. அறுப்பதற்குத் தியன்சாங் தண்ணீரில் இறங்கினான். சுக்கான் சுய்குவான் கையில். இறங்கியவன் ஏறவில்லை. மறுநாள் காலை சிப்பி மூங்கில்களுக்கிடையே கிடைத்தான். சுய்குவான் வீட்டுக்கு வந்தான், குளித்தான், கஞ்சி குடித்தான், படுத்தான். சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடுத்த வாரம் கடலுக்குப் போய்விட்டான். இவனுக்கு நெஞ்சு அப்படி, கல் என்று சியோதி முடிவு கட்டினாள். முப்பது வருடத்தில் அவள் அவனைப் பற்றிக் கட்டிய முடிவுகளில் ஒன்றும் பொய்யானதில்லை.

சீனப் புத்தாண்டு கழிந்த பிறகுதான் அவன் இரவுச் சாப்பாடு முடிந்து "கரைப் பக்கம் போயிட்டு வரேன்" என்று கிளம்ப ஆரம்பித்தான். கரைக்குப் போகிற ஆள் செருப்பை மாற்றுவான். இவன் வீட்டுச் செருப்போடு போனான். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த சியோதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேஸ்பால் ஆட்டத்தின் கூச்சல் கேட்டது. கூச்சலுக்கு நடுவில் ஓர் இருமல். முப்பது வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல். மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள். கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்வான். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனபோது சுய்குவான் புதுத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஓடாத கறுப்புத் திரையில் அவன் உருவம்தான் தெரிந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கஞ்சியும் முள்ளங்கி ஊறுகாயும் எடுத்து வைத்தாள்.

"குவேலி சொல்றதும் சரிதான். மாடிப் பெட்டி நமக்குப் போதும்" என்றான் அவன்.

குவேலி அதைச் சொன்னது பதினொரு மணிக்கு, கொட்டகையில். இவன் காலையிலிருந்து கடலில் இருந்தவன். அப்படியென்றால் இவனிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். கொட்டகையில் கேட்டது ஒப்புக்கு.

சியோதி கேபிள் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

மறுநாள் வந்த கேபிள்காரன் வெற்றிலைபாக்கு மென்று வாய் சிவந்தவன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தொலைக்காட்சியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"அம்மா, மூணு வழி இருக்கு. ஒண்ணு, எங்க லைன். மாசம் ஐந்நூத்தம்பது யுவான், நூத்துச் சொச்சம் சானல். ரெண்டாவது, மொட்டைமாடியில ஆன்டெனா. ஒரே ஒரு தடவைதான் செலவு. இருபது சானல் வரும். காத்தடிச்சா பத்து. மூணாவது..." நடுச்சுவரைப் பார்த்தான். "மூணாவதை நான் சொல்லல. நீங்களும் கேக்கல."

"எல்லா வீட்டுக்கும் எதுக்கு ரெண்டு ரெண்டு பெட்டி குடுக்கறீங்க?"

"ஒண்ணு புருஷனுக்கு, ஒண்ணு பொஞ்சாதிக்கு. குடும்பத்துல சண்டை வரக் கூடாதுன்னு எங்க கம்பெனிக்கு ஒரு நல்லெண்ணம்" என்று சொல்லிச் சிரித்தான். சியோதி சிரிக்கவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு கட்டணச் சீட்டை நீட்டினான்.

"கேபிள் வேணாம்" என்றான் சுய்குவான், உள்ளறையிலிருந்து. "பக்கத்துல சும்மா கெடக்கறப்போ மாசாமாசம் எதுக்குத் தண்டம்?"

அவன் குரலில் இருந்த நிம்மதிதான் அவளுக்கு உறைத்தது. எல்லாம் பேசி முடித்துவிட்டவனுடைய குரல்.

"ஆன்டெனா போடுங்க" என்றாள்.

மூன்று நாள் ஆன்டெனாவில் படம் பார்த்தார்கள். செய்தி வந்தது. சமையல் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். அந்த அகலத் திரையில் மந்திரிகளின் மூக்கு மயிர்கூடத் தெரிந்தது. பேஸ்பால் மட்டும் வரவில்லை. சுய்குவான் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான், மழைக்கு ஒதுங்கியவன் மழையைப் பார்ப்பதுபோல. மூன்றாம் நாள் சாப்பிட்டு எழுந்து "கரைப் பக்கம் போயிட்டு வரேன்" என்றான். வீட்டுச் செருப்பு.

சியோதி மாடிக்குப் போகவில்லை. கீழேயே உட்கார்ந்து ஒலியைக் கூட்டி வைத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாட்டு வீட்டை இடித்தது. அதையும் மீறி மட்டை பந்தில் படும் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டதா, அவளே நினைத்துக்கொண்டதா தெரியவில்லை.

மறுநாள் சாப்பாட்டின்போது சொன்னாள். "நான் கட்டறேன் கேபிள் காசு. என் கைவேலைக் காசு. நீ ஒண்ணும் தர வேணாம்."

"சொவத்துக்கு அந்தப் பக்கம் பெட்டி சும்மா கெடக்குது."

"சும்மாவா கெடக்குது?"

சுய்குவான் சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்தான். வாயில் இருந்ததை மெல்ல மென்று விழுங்கினான். அவளைப் பார்க்கவில்லை. சாமி மாடத்தைப் பார்த்தான்.

"அம்மனைக் கேட்டுக்க" என்று எழுந்து போனான்.

கேட்டாள். ஊதுவத்தி மூன்று கொளுத்தி, பிறைக்கட்டைகள் இரண்டையும் உள்ளங்கையில் பொத்தி, "குவேலி வீட்டு லைன் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுதானே?" என்று சொல்லிப் போட்டாள். இரண்டும் மல்லாந்து விழுந்தன. அம்மன் சிரிக்கிறாள், கேள்வி சரியில்லை என்று அர்த்தம். மறுபடி போட்டாள். சிரிப்பு. மூன்றாவது முறையும் சிரிப்பு. சியோதிக்குக் காது சூடேறியது. "சரி, வரலாமா?" என்று கேட்டுப் போட்டாள். ஒன்று மல்லாந்தும் ஒன்று குப்புறவும் விழுந்தன. மூன்று தடவை விடாமல் அப்படியே.

"நீயும் அவ பக்கம்தானா?" என்றாள் மாடத்தைப் பார்த்து. அவள் கேட்க நினைத்த கேள்வி வேறு. அந்த வீட்டு மாடியில் என்ன நடக்கிறது என்ற கேள்வி. அதை அம்மன் முன்னால்கூடச் சொல்ல நாக்கு வரவில்லை. கட்டைகளை எடுத்துத் துடைத்து மாடத்தில் வைத்தாள். அம்மன் சொன்ன பிறகு மாற்றிப் பேச முடியாது.

வியாழக்கிழமை சுய்குவான் டிரில் மெஷினை இரவல் வாங்கி வந்து சுவரில் துளை போட்டான். செங்கல் தூள் புதுத் தொலைக்காட்சியில் படாமலிருக்க சியோதி போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெஷின் இரைந்தது, திணறியது, திடீரென்று வழுக்கிக்கொண்டு போயிற்று.

"வந்துருச்சு அண்ணே! போதும், போதும், நிறுத்துங்க!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் குவேலியின் குரல். அதில் ஒரு சிரிப்பு. துளை வழியாக அவள் வீட்டு வெளிச்சம் விரல் தடிமனுக்கு இந்த வீட்டில் விழுந்தது. முப்பது வருடம் மூடியிருந்த சுவர். கறுப்பு ஒயர் தலையை நீட்டியதும் சுய்குவான் அதைப் பதமாக, மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுப்பதுபோல இழுத்தான். அவன் இழுத்து முடிப்பதற்குள் சியோதி சுண்ணாம்புப் பசை குழைத்து எடுத்து வந்து ஒயரைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் அப்பிவிட்டாள்.

"எதுக்கு இவ்ளோ அவசரம்?" என்றான்.

"பல்லி வரும்."

பெட்டியைக் குவேலியே வாசலில் கொண்டுவந்து கொடுத்தாள். கறுப்பாக, ஒரு சோப்புப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே ரப்பர் பட்டை சுற்றியிருந்தது. உள்ளே வரச்சொன்னதற்கு வரவில்லை. "வேலை கெடக்கு அக்கா" என்று போய்விட்டாள்.

அன்றிரவு சுய்குவான் எங்கும் போகவில்லை. தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து பேஸ்பால் பார்த்தான். சியோதி வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தாள். எத்தனையோ இரவு நீலமாக மினுங்கிய ஜன்னல் இருண்டு கிடந்தது. ஏதோ ஜெயித்ததுபோல இருந்தது அவளுக்கு. கோவிலில் எட்டு போட்டவனுக்கு இருந்திருக்கக்கூடிய சந்தோஷம். உள்ளே வந்து அவனுக்குக் கொய்யாப்பழம் நறுக்கி, உப்புத் தூவி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகையிலிருந்து வந்து, சுடுநீர்த் துணியைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, தனியாக உட்கார்ந்து ரிமோட்டைப் பார்த்தாள். நூறு சானல். எதை எங்கே தேடுவது? இதயம் வரைந்த ஒரு பொத்தான் மட்டும் மற்றவற்றைவிடத் தேய்ந்திருந்தது. அமுக்கினாள்.

திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. பிடித்த சானல்கள் என்று மேலே எழுதியிருந்தது. மொத்தம் பன்னிரண்டு. முதலில் பேஸ்பால். இரண்டாவது, இன்னொரு பேஸ்பால். மூன்றாவது ஜப்பான் மல்யுத்தம். நான்காவது, நாள் முழுக்கக் கடல்மீன் பிடிப்பதைக் காட்டும் சானல். ஐந்தாவது பொம்மலாட்டம்.

ஐந்துக்கு மேல் அவள் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை. சுய்குவானுக்கு எது பிடிக்கும், எந்த வரிசையில் பிடிக்கும் என்று அவளைக் கேட்டால் அவள் இப்படித்தான் சொல்லியிருப்பாள். கஞ்சியில் எவ்வளவு கிழங்கு, மீனில் எந்தப் பக்கம், தலையணை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுபோலத்தான் இதுவும். அதை இன்னொருத்தி வீட்டுப் பெட்டியில், இன்னொருத்தி மாடியில், ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதி வைத்திருக்கிறான். ஒரு நாள் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வருகிறவன் பட்டியல் போடமாட்டான். தன் வீடு என்று நினைக்கிறவன்தான் போடுவான். பல் துலக்கும் பிரஷை அங்கே வைத்துவிட்டு வருவதுபோலத்தானே இது? இந்தப் பொத்தானை இவ்வளவு தேய்க்க எத்தனை மாலை வேண்டும்?

விரலில் சுற்றியிருந்த துணி ஆறிப் போயிருந்தது. அவள் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினாள். எங்கோ போனது, திரும்பி வந்தது. கடைசியில் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி கிடைத்தது. எல்லாவற்றையும் நீக்கு. அமுக்கினாள். உறுதியா என்று கேட்டது. இந்தப் பெட்டியாவது கேட்கிறதே என்று நினைத்தாள். உறுதி.

பட்டியல் வெறும் கட்டமாயிற்று.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் குவேலி வந்தாள். கையில் மூடிய கிண்ணம். நண்டுக் கஞ்சி. வாசலிலேயே நின்றாள்.

"அண்ணன் இல்லியா?"

அந்தக் கேள்வியே சியோதிக்குக் கசந்தது. "வலை வாங்கப் போயிருக்காரு. ஏன், பாக்கணுமா?"

"இல்ல. இல்லாதப்பதான் வரணும்னு இருந்தேன்." குவேலி உள்ளே வந்தாள். புதுத் தொலைக்காட்சியைப் பார்த்தாள், பசை அப்பிய சுவரைப் பார்த்தாள். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள். கொட்டகைக்கு வெளியே, முகத்துணி இல்லாமல், நேருக்கு நேராக அவளைப் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துக் குழி விழுந்திருந்தது. மெலிந்த அழகு என்று மேசைக்கு எதிரிலிருந்து நினைத்தது கிட்டத்தில் வேறாகத் தெரிந்தது.

"அக்கா, ஊர் பேசறது ஒங்க காதுலயும் விழுந்திருக்கும்."

"ஊருக்கு வேலை என்ன?"

"அண்ணன் வருவாரு. நேரா மாடிக்குப் போவாரு. எங்க வீட்டுக்காரரு உக்காந்திருந்த நாற்காலி இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல தரையில உக்காருவாரு. நாற்காலியில உக்கார மாட்டாரு. டிவியைப் போடுவாரு. அப்புறம் அழுவாரு." குவேலி கொஞ்சம் நிறுத்தினாள். "சத்தத்தைக் கூட்டி வச்சுக்கிட்டு அழுவாரு. நான் கீழயே இருந்துடுவேன். மொத நாள் படியில நின்னு எட்டிப் பாத்ததோட சரி, ஒரு நாளும் மேல போனதில்ல அக்கா. அம்மன்மேல சத்தியமா."

சியோதி முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அழுதானா? அவனா? பெற்ற அம்மா செத்தபோதே அழாதவன். மகள் கல்யாணமாகித் தைச்சுங் நகரத்துக்குப் போனபோது பஸ் கிளம்பும் முன்பே திரும்பி நடந்தவன். அவனுக்கு அழத் தெரியும் என்பது இவளுக்குத் தெரியும். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு. முப்பது வருடம் கூட இருந்தவளுக்குத் தெரியவில்லை. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் இந்த அளவுக்கு எரிந்திருக்காது.

"எனக்கு அழுகை வரல அக்கா" என்றாள் குவேலி. "இன்னி வரைக்கும் வரல. எரிக்கறப்பவும் வரல. அண்ணன் மேல உக்காந்து அழறாரு, நான் கீழ பாத்திரம் கழுவிக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருக்கேன். எனக்குப் பத்திக்கிட்டு வரும். எம்புருஷனுக்கு இவரு அழறாரு, எனக்கு வரமாட்டேங்குதுன்னு. அதான் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னேன். அழறதா இருந்தா அவரு வீட்டுல அழட்டும். ஒங்ககிட்ட அழட்டும்."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள். அது தெரு முனை தாண்டியதும் குவேலி கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பெட்டியில இதயம் போட்ட பொத்தான் இருக்குல்ல? அதுல ஒரு பட்டியல் இருக்கும். எங்க வீட்டுக்காரரு போட்டது. ஒண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும், ரெண்டு நாள் உக்காந்து, இது மேல, அது கீழன்னு மாத்தி மாத்திப் போட்டாரு. நான் திட்டினேன், இதென்ன பெரிய கணக்குன்னு. கடைசி மூணு என்னன்னு எனக்கே மறந்துபோச்சு. அவரு கையால செஞ்சதுல வேற எதுவும் வீட்டுல மிச்சமில்ல. தெப்பத்துல அவரு பங்கை வித்தாச்சு. துணியை எரிச்சாச்சு. அதை மட்டும் அழிச்சுடாதீங்க."

சியோதி நண்டுக் கஞ்சிக் கிண்ணத்தின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியின் விளிம்பில் ஆவி நீராகிச் சொட்டுக் கட்டி நின்றது.

"அப்படியே இருக்கு" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வந்து ஒரு தடவை வரிசையாப் பாத்துட்டுப் போகட்டுமா? பன்னெண்டும்?"

"வா. அதுக்கென்ன, வா."

குவேலி போன பிறகு அவள் ரிமோட்டை எடுத்தாள். நீக்கத் தெரிந்த அளவுக்குச் சேர்க்கத் தெரியவில்லை. பேஸ்பால் எந்த எண் என்றும் தெரியவில்லை. முதல் சானலிலிருந்து ஒவ்வொன்றாக ஏறினாள். விளம்பரம், சமையல், விளம்பரம், பங்குச் சந்தை, சீட்டாட்டம். கட்டைவிரல் வலித்தது, இடதுகைக்கு மாற்றிக்கொண்டாள். மல்யுத்தம் ஒன்று வந்தது. அது ஜப்பானா, வேறு நாடா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது சுய்குவான் வந்துவிட்டான்.

வலைக்கட்டை மூலையில் போட்டுவிட்டு அவள் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, இயல்பாக, பார்க்காமலே, இதயப் பொத்தானை அமுக்கினான். வெறும் கட்டம். மறுபடி அமுக்கினான்.

"நீயா?"

"நான்தான்."

"ஏன்?"

"ஒன் பட்டியல்னு நெனச்சேன்" என்றாள்.

அவன் அவளை ரொம்ப நேரம் பார்த்தான். அவன் இப்படி முகத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் போட்டாள், போட முடியவில்லை. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் அவளும் திட்டியிருப்பாள், எல்லாம் வெளியே வந்திருக்கும்.

"குவேலி ஞாயித்துக்கிழமை வரா. வரிசையாப் பாக்கணுமாம்" என்றாள். "அப்படியே இருக்குன்னு சொல்லிட்டேன்."

சுய்குவான் தரையில் உட்கார்ந்தான். நாற்காலி பக்கத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டுத் தரையில். ரிமோட்டை முழங்கால்மேல் வைத்து எண்களை அமுக்க ஆரம்பித்தான். எழுபத்திரண்டு. எழுபத்தைந்து. ஒவ்வொன்றைச் சேர்க்கும் முன்பும் உதடு அசைந்தது. தெப்பத்தில் கயிற்று முடிச்சை எண்ணும்போது அசைவதுபோல. ஜப்பான் மல்யுத்தம். மீன்பிடி. பொம்மலாட்டம். அவள் முக்காலியை இழுத்து அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஆறாவது, பழைய பாட்டு கேட்பவர்கள் போன் போட்டுக் கேட்கும் சானல். ஏழாவது வானிலை.

"எட்டாவது கோவில் சானல்ல?" என்றாள், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அது ஒம்போது. எட்டாவது காட்டு மிருகம். அவனுக்குக் கரடின்னா உசிரு."

கரடி. இருபத்திரண்டு வருடம் பக்கத்து வீட்டில் இருந்த மனிதன். கரடி பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அதையும் இவன் இத்தனை நாள் தனியாகவே வைத்திருந்தான்.

ஒன்பதைச் சேர்த்தான். பத்தாவதற்கு விரலைப் பொத்தானின்மேல் வைத்தான். அமுக்கவில்லை. உதடு அசைந்தது, நின்றது. மறுபடி முதலிலிருந்து முணுமுணுத்து வந்தான். ஒன்பதில் நின்றது.

"அதுக்குக் கீழ நாங்க போனதே இல்ல" என்றான். "ஒம்போதோட தூங்கிடுவான்."

திரையில் ஒன்பது வரிகள். அதற்குக் கீழே கட்டம் காலியாக இருந்தது. இன்று வெள்ளி. குவேலிக்குக் கொடுக்க வேண்டியது இன்னும் மூன்று சானல்.